படகுக்குள் ஓடும் மின்சாரத்துக்கு நீண்ட நாள் உழைக்கும் பேட்டரி எது?

பாய்மரப் படகில் மாதக்கணக்கில் தங்குகிறீர்கள், பெரும்பாலும் நங்கூரம் போட்டு. ஃப்ரிட்ஜ், விளக்கு, ரேடியோ எல்லாம் ஓடும் ஹவுஸ் பேட்டரி இரண்டு வருடத்துக்கு மேல் தாங்கவில்லை, அடுத்து எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதற்கு முன்னால் ஒன்று யோசித்துப் பாருங்கள். இப்போதுள்ள பேட்டரி கடைசியாக எப்போது முழுசாக, நூறு சதவீதம் நிரம்பியது? நினைவில்லை என்றால், அது சீக்கிரம் போனதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

எனக்கும் இதுவேதான் நடந்தது. முதலில் வைத்திருந்தது தண்ணீர் ஊற்றும் வகை ஆசிட் பேட்டரி, 6 வோல்ட்டில் இரண்டைத் தொடராக இணைத்து 12 வோல்ட், 220 ஆம்பியர் மணி. தினமும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் இன்ஜினை ஓட்டுவேன். மீட்டர் 14.4 வோல்ட் காட்டும், நிரம்பிவிட்டது என்று நிறுத்திவிடுவேன். இரண்டாவது வருடம் விடியற்காலைகளில் ஃப்ரிட்ஜ் தானாக நிற்க ஆரம்பித்தது. மூடிகளைத் திறந்து ஒவ்வொரு அறையிலிருந்தும் ஹைட்ரோமீட்டரில் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தேன். ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் அதன் மிதவை, முழு சார்ஜில் 1.27 பக்கம் நிற்க வேண்டும். மணிக்கணக்கில் சார்ஜ் போட்ட பிறகும் ஐந்து அறைகளில் 1.22-ஐத் தாண்டவில்லை, ஆறாவதில் 1.18.

14.4 என்பது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது தெரியும் அழுத்தம். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது. ஆசிட் பேட்டரி 80 சதவீதம் வரை மின்சாரத்தை வேகமாக வாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு வாங்குவது குறைந்துகொண்டே போகும். கடைசி 20 சதவீதம் ஏற நாலைந்து மணி நேரம் ஆகும், இன்ஜின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. நிரம்பாமல் நாள் கணக்கில் கிடந்தால் தகடுகளில் படிந்த ஈய சல்பேட் கெட்டிப் படிகமாகிவிடும், திரும்பக் கரையாது. படகில் ஆசிட் பேட்டரிகள் அதிகம் சாவது இந்த அரைப்பட்டினியால்தான்.

அதனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது பேட்டரியின் பெயரை அல்ல, உங்கள் சார்ஜிங்கை. கரை மின்சாரத்தில் அடிக்கடி நிற்கும் படகு, அல்லது மதியத்துக்குள் பேட்டரியை நிரப்பிவிடும் அளவுக்கு சோலார் உள்ள படகு என்றால் ஆசிட் பேட்டரியே நன்றாக உழைக்கும். அதில் ஏஜிஎம் (AGM) வகையை, அதாவது ஆசிட்டைக் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் மூடிய பேட்டரியை எடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், படகு சாய்ந்தாலும் சிந்தாது. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் உயரமான ட்யூபுலர் பேட்டரி வீட்டில் அருமையாக உழைக்கும், ஆனால் சாய்ந்து ஓடும் படகில் ஆசிட் வெளியே வரும்.

ஆசிட் வகை எதுவானாலும் டீப் சைக்கிள், அதாவது ஆழமாக இறக்கி ஏற்றத் தாங்குவது, என்று கேட்டு வாங்குங்கள். இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டிங் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சில விநாடிக்குப் பெரிய கரண்ட் கொடுக்கத்தான் அது. தினமும் பாதிவரை இறக்கினால் சில மாதங்களில் தகடு உதிரும். மேலே மரைன் என்று எழுதியிருப்பது இதற்கு உத்தரவாதம் இல்லை. லேபிளில் ஆம்பியர் மணியை விட கிராங்கிங் ஆம்ப் (இன்ஜினைக் கிளப்பும் கரண்ட்) பெரிதாகப் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

நீங்கள் சொல்வதுபோல் நங்கூரத்திலேயே வாரக்கணக்கில் கிடப்பதாக இருந்தால், என் பதில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஆயுள் கணக்கில் 2,000 சைக்கிளுக்கு (இறக்கி ஏற்றும் சுற்றுக்கு) மேல் போகும் என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிட முக்கியமானது, அரைகுறையாக நிரம்பிக் கிடந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. கொள்ளளவையும் பாருங்கள். 400 ஆம்பியர் மணி ஆசிட் பேட்டரியை 50 சதவீதத்துக்குக் கீழே இறக்கக் கூடாது, நங்கூரத்தில் 80-க்கு மேல் ஏற்றவும் முடியாது. ஆக, தினமும் கைக்கு வருவது 120தான். 200 ஆம்பியர் மணி லித்தியத்தில் 80 சதவீதம் எடுத்தாலே 160 வரும், எடையும் பாதிக்கு வெகு கீழே. ஃப்ரிட்ஜ் 5 ஆம்ப் எடுத்து நாளில் பாதி நேரம் ஓடினால் 60 ஆம்பியர் மணி ஆகிறது. மற்றதை இதேபோல் கூட்டி, வெயில் இல்லாத ஒரு நாளுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஆனால் பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டு அதே வயரில் லித்தியத்தை மாட்டிவிடாதீர்கள். அது கிடைக்கிற கரண்ட்டை எல்லாம் வாங்கும். இன்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் சாதாரண ஆல்டர்னேட்டர் தொடர்ந்து முழு வேகத்தில் உழைத்துச் சூடேறிப் போகும். மாற்றிய முதல் வாரம் இன்ஜின் மூடியைத் திறந்தபோது வார்னிஷ் கருகும் வாசனை வந்தது, உடனே நிறுத்தினேன். இன்னொரு ஆபத்தும் உண்டு. பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டான பிஎம்எஸ் (BMS) ஏதாவது காரணத்துக்காகச் சட்டென்று இணைப்பைத் துண்டித்தால், ஆல்டர்னேட்டரில் வோல்டேஜ் எகிறி டயோடுகள் போய்விடும். இரண்டுக்கும் சேர்த்து நான் செய்தது: ஆல்டர்னேட்டர் ஸ்டார்ட்டிங் ஆசிட் பேட்டரிக்கு மட்டும் போகிறது, அங்கிருந்து டிசி டு டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்கு அளவோடு வருகிறது.

ஃப்யூஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும், சாதாரண ஃப்யூஸ் அறுந்தாலும் நடுவில் தீப்பொறிப் பாலம் நின்றுவிடலாம். கிளாஸ் டி (Class T) ஃப்யூஸை பேட்டரி முனைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போடுங்கள். உறையும் குளிரில், அதாவது செல் 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது, சார்ஜ் ஏற்றவே கூடாது.

அப்புறம் வைக்கும் இடம். இன்ஜின் அறை வேண்டாம். ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது கணக்கு. அடித்தளத்தில் தண்ணீர் தேங்கும் இடமும் வேண்டாம். பேட்டரி உப்புத் தண்ணீரில் மூழ்கினால் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும். தண்ணீர் ஊற்றும் வகையானால் ஹைட்ரஜன் வெளியேறக் காற்றுப் போக்கும் வேண்டும். எதை வைத்தாலும் படகு எப்படிப் புரண்டாலும் நகராதபடி கட்டுங்கள்.

பேட்டரிக்கு முன்னால் இன்றே வாங்கலாம் என்றால் ஷண்ட்டோடு (கரண்ட்டை அளக்கும் துண்டோடு) வரும் பேட்டரி மானிட்டர். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிக் காட்டும். லித்தியத்தில் வோல்டேஜ் நீண்ட நேரம் 13.2 பக்கமே நிற்பதால் இது இல்லாமல் முடியாது. இப்போதுள்ள பேட்டரியிலேயே அதை மாட்டி இரண்டு வாரம் தினமும் காலையில் எழுதி வையுங்கள். இரவில் எவ்வளவு போகிறது, பகலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற இரண்டு எண்ணும் கையில் இருந்தால், கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்க வேண்டியதில்லை.