ஹெச்-இண்டெக்ஸ் அதிகமுள்ள கைடிடம்தான் பிஎச்டி சேர வேண்டுமா?

ஒருவருக்கு ஹெச்-இண்டெக்ஸ் 41, இன்னொருவருக்கு 17, இருவரும் உயிர்மருத்துவ ஆராய்ச்சி, யாரிடம் சேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக இரண்டு இடத்திலும் கூப்பிட்டுவிட்டார்கள், முடிவு சொல்ல நேரம் குறைவு, அதனால் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்த நம்பர் 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு. 17 என்றால், தலா 17 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட பேப்பர்கள் 17 இருக்கின்றன, அவ்வளவுதான். சர்வீஸ் ஏற ஏற அது ஏறும், பேப்பரின் ஆசிரியர் பட்டியலில் நடுவில் எங்கேயோ நிற்பவருக்கும் வேலையை இழுத்துச் செய்தவருக்கும் ஒரே மார்க். ஸ்கோபஸ் என்ற இன்னொரு மேற்கோள் தரவுத்தளத்தில் ஒருவரையும் ஸ்காலரில் இன்னொருவரையும் பார்த்து ஒப்பிடாதீர்கள், ஸ்காலர் ஆய்வேடு, ப்ரீபிரிண்ட் (ஜர்னலில் வருமுன் இணையத்தில் போடும் வரைவு) எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுவதால் பெரும்பாலும் கூடுதலாகத்தான் காட்டும்.

என் கதையைச் சொல்கிறேன். என் பேப்பர்களில் அதிகம் சைட் ஆனது, அதாவது மேற்கோள் காட்டப்பட்டது, ஒரு சின்ன செய்முறைக் கட்டுரை. திசு வெட்டில் ஒரு குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டும் ஆன்டிபாடியைப் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வேண்டிய இடத்தோடு சேர்த்துப் பின்னணியும் மங்கலாக ஒளிரும். பஃபர் கரைசலையும் கழுவும் நேரத்தையும் மாற்றி அதைக் குறைப்பது எப்படி என்று எழுதினோம். உபயோகமான விஷயம்தான், ஆனால் கண்டுபிடிப்பு என்று அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். நான் பெருமையாக நினைக்கும் பேப்பர் வேறு. ஒரு புரதத்தை வைத்துச் சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்று சில குழுக்கள் சொல்லிக்கொண்டிருந்தன. நாங்கள் இன்னும் நிறைய நோயாளிகளின் ரத்த மாதிரியில் பார்த்தோம், அவர்கள் சொன்னது நிற்கவில்லை. அதைப் படித்துவிட்டு அந்தப் புரதத்தைக் கைவிட்டதாக மாநாடுகளில் என்னிடமே வந்து சொன்னவர்கள் உண்டு. கைவிட்டவர் அதைப் பற்றி எதற்குப் பேப்பர் எழுதப்போகிறார்? எழுதாதவர் எங்கே சைட் செய்வார்? அடுத்தவர் காசையும் நேரத்தையும் மிச்சப்படுத்திய வேலைக்குக் கணக்கில் வரவே வழியில்லை. பதவி உயர்வு நேர்காணலில் அந்தப் பேப்பர் குழுவின் மேஜைமேல் இருந்தது, யாரும் புரட்டவில்லை, "மொத்த சைட்டேஷன் எவ்வளவு?" என்பதுதான் முதல் கேள்வி.

சீச்சீ இந்தப் பழம் புளிக்கும் என்கிற கதை இது என்று யாராவது கீழே எழுதுவீர்கள், தெரியும். சைட்டேஷன் வீண் என்று நான் சொல்லவே இல்லை. எத்தனை பேர் எடுத்துப் பயன்படுத்தினார்கள் என்று அது காட்டும், தரத்தைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்டதாகச் சொல்லப்படுவது 1951-இல் லௌரி குழு எழுதிய, புரதத்தின் அளவைக் கண்டுபிடிக்கும் முறை. மூன்று லட்சத்துக்கும் மேல். இன்னொரு பக்கம், எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா) தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998-இல் லான்செட் என்ற மருத்துவ ஜர்னலில் வந்த கட்டுரை. 2010-இல் அதைத் திரும்பப் பெற்றார்கள், ஆனாலும் அதற்கும் ஏகப்பட்ட சைட்டேஷன், பெரும்பாலும் அது தப்பு என்று சொல்வதற்காக. கணக்கில் எல்லாம் ஒன்றுதான்.

அப்புறம், ஜர்னலுக்கு அனுப்பிய பேப்பரைப் படித்துக் கருத்துச் சொல்லும் இந்த ரிவ்யூவர்கள். "கீழ்க்கண்ட கட்டுரைகளையும் சேர்த்தால் முன்னுரை முழுமை பெறும்" என்று ஒரு பட்டியல் வரும், எல்லாவற்றிலும் ஒரே பெயர் பொதுவாக இருக்கும், யார் எழுதினார் என்று ஊகிக்க ஜோசியம் வேண்டாம். எடிட்டரும் கண்டுகொள்ள மாட்டார்.  

சரி, உங்கள் விஷயம். இரண்டு பேரின் கடந்த ஐந்து வருடப் பேப்பர்களை மட்டும் எடுத்து, அவர்கள் பெயர் கடைசியில் இருப்பவற்றைப் பிரியுங்கள், எங்கள் துறையில் ஆய்வகத் தலைவர் பெயர் வழக்கமாக அங்கேதான் இருக்கும். அவற்றில் முதல் பெயர் யாருடையது என்று பாருங்கள். வேறு வேறு மாணவர்கள் என்றால் நல்லது. எல்லாவற்றிலும் ஒரே போஸ்ட்டாக்கின் (பிஎச்டி முடித்துவிட்டு அங்கே ஆராய்ச்சி செய்பவரின்) பெயர் என்றால், அதே சமயத்தில் அங்கே பிஎச்டிக்குச் சேர்ந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் பதில் அனுப்புங்கள்.