வாசகர் கேள்வி பதில்: உல்லாசப் படகும் கழிமுகத்து நீரும்

விடுமுறைக் காலம் நெருங்குவதால், படகுச் சவாரி பற்றிக் காவிரிப் படுகை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

பிச்சாவரத்தில் இயந்திரப் படகைவிடத் துடுப்புப் படகே நல்லது என்கிறார்கள். புகை ஒன்றுதான் காரணமா? (சிதம்பரம் வாசகர்)

புகையும் ஒரு காரணம்தான். ஆனால் முதற்காரணம் வேகம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காடு 2022ஆம் ஆண்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அங்குள்ள ஓடைகளில் பல ஒடுக்கமானவை, ஆழம் குறைந்தவை. அவற்றின் கரைகள் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மென்மையான வண்டல். விரைந்து செல்லும் படகு எழுப்பும் அலை ஒரு கரையில் மோதித் திரும்பி எதிர்க்கரையையும் அரிக்கிறது. அங்கு வளரும் சுரபுன்னை மரத்தின் முட்டுவேர்களுக்கிடையே படிந்த சேறு இவ்வாறு கரைந்துபோனால், அதில் ஊன்றி முளைக்க வேண்டிய கன்றுகளுக்குப் பிடிமானம் இல்லாமற் போகிறது.

ஆழமற்ற நீரில் அலை பரவும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒரு மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 11 கி.மீ.; அரை மீட்டர் ஆழத்தில் 8 கி.மீ. படகு அந்த வேகத்தை நெருங்கும்போது, அலைகள் அதைவிட்டு விலகிச் செல்ல வழியின்றிக் குவிந்து உயர்கின்றன. படகின் பின்புறம் தாழ்ந்து, இன்ஜினின் விசிறி அடிச்சேற்றைக் கிளறுகிறது. கிளறிய சேறு நீரில் வெளிச்சத்தை மறைப்பதோடு, மீன்குஞ்சுகளின் செவுள்களிலும் படிகிறது. பேட்டரியில் ஓடும் படகும் இதே வேகத்தில் சென்றால் கரைக்கு நேரும் கேட்டில் குறைவொன்றும் இராது. எனவே எந்தப் படகாக இருந்தாலும் ஓடைக்குள் மணிக்கு 5 கி.மீ., அதாவது ஆள் நடக்கும் வேகம், போதுமானது. துடுப்புப் படகு இயல்பாகவே அந்த அளவுக்குள் நின்றுவிடுகிறது. அதன் சிறப்பும் அதுவே. துடுப்பு வலிப்பவரிடம் “சீக்கிரம் போங்கள்” என்று கேட்டுவிட்டுக் கூலியிலும் பேரம் பேசும் பழக்கத்தைப் பயணிகள் கைவிடுவது நல்லது.

எங்களிடம் பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின் பொருத்திய ஃபைபர் படகு உள்ளது. விருந்தினரை லகூனுக்கு (காயலுக்கு) அழைத்துச் செல்கிறோம். புதிய இன்ஜின் வாங்க வசதியில்லை. என்ன செய்யலாம்? (முத்துப்பேட்டை வாசகர்)

கார்புரேட்டர் கொண்ட டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில், எரிந்த புகை வெளியேறும் வேளையிலேயே புதிய எரிபொருளும் உள்ளே நுழைவதால், அதில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறிவிடுகிறது. ஊற்றும் பெட்ரோலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வாறு வீணாகலாம். புகைபோக்கி நீருக்கடியில் இருப்பதால் பெட்ரோலும் அதில் கலந்த எண்ணெயும் நேரே லகூனுக்குள் செல்கின்றன. அலையாத்தி மரங்களின் சுவாச வேர்கள் சேற்றுக்கு மேலே நீட்டி நின்று காற்றை உள்வாங்குபவை. நீரேற்றத்தோடு வரும் எண்ணெய்ப் படலம் நீர் வடியும்போது அந்த வேர்களின் மீதுதான் படிகிறது.

இன்ஜினை மாற்றாமலே செய்யக்கூடியவை பல உண்டு. முதலாவது, மேலே சொன்ன வேகக் குறைப்பு. படகு நிற்கும்போது இன்ஜினையும் நிறுத்திவிட வேண்டும். பறவை பார்ப்பதற்காக நிற்கும் அரைமணி நேரமும் அதை உறுமவிட்டு வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. எண்ணெய்க் கலவை 50-க்கு 1 (50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய்) என்று கையேடு சொன்னால் அதே அளவில் கலக்க வேண்டும். ‘இன்ஜினுக்கு நல்லது’ என்று கூடுதலாக ஊற்றப்படும் எண்ணெய் புகையாகவும் படலமாகவுமே வெளியேறுகிறது. மண்ணெண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதில் ஓட்டினால் புகை மேலும் மிகும். எரிபொருளை நீரில் மிதக்கும் படகில் வைத்து ஊற்றாமல், டேங்கைக் கரைக்குக் கொண்டுவந்து புனல் வைத்து நிரப்புங்கள். வெயிலில் பெட்ரோல் விரிவடையும் என்பதால் விளிம்புவரை நிரப்ப வேண்டாம்.

படகின் அடியில் தேங்கும் எண்ணெய் கலந்த நீரை இறைத்து வெளியே ஊற்றுவதே மிகப் பரவலான தவறு. இலவம்பஞ்சு நீரை விலக்கி எண்ணெயை உறிஞ்சும் இயல்புடையது. ஒரு பிடிப் பஞ்சை வலைத்துணியில் கட்டி அந்த இடத்தில் போட்டு வைத்தால் எண்ணெய் அதில் ஏறிவிடும். பிறகு அதைக் கரைக்குக் கொண்டுவந்து, பணிமனையில் கழிவு எண்ணெயோடு சேர்த்து ஒப்படைக்க வேண்டும். சோப்புத்தூள் தெளித்தால் எண்ணெய் மறைந்துவிடுகிறது என்று சிலர் நம்புகிறார்கள். அது மறைவதில்லை, நுண்துளிகளாகப் பிரிந்து நீர் முழுவதும் கலந்துவிடுகிறது, சோப்பின் நஞ்சும் அதனுடன் சேர்கிறது.

அரசலாற்றில் ஆறு பேர் செல்லும் பேட்டரிப் படகு விட எண்ணுகிறோம். உண்மையிலேயே பயன் உண்டா? (காரைக்கால் வாசகர்)

மெதுவாக ஓட்டுவதானால் நிச்சயம் உண்டு. படகு ஓடத் தேவையான திறன், தோராயமாக, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் உயர்கிறது. வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு வேண்டும். மணிக்கு 5 கி.மீ. செல்ல ஒரு கிலோவாட் தேவைப்படும் படகு என்று வைத்துக்கொள்வோம். 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் 4.8 யூனிட் (கிலோவாட்-மணி) மின்சாரம் அடங்கும். அதில் 80 விழுக்காட்டைப் பயன்படுத்தினால் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 19 கி.மீ. செல்லலாம். அதே படகை 10 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் அரைமணி நேரத்துக்குள், 5 கி.மீ. தொலைவுக்குள், பேட்டரி தீர்ந்துவிடும். விற்பனையாளர் உச்சவேகத்தைப் பற்றிப் பேசினால், அந்த வேகத்தில் எத்தனை நிமிடம் ஓடும் என்று கேளுங்கள்.

கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரி முதல் ஓடும் ‘ஆதித்யா’ 75 பேர் செல்லும் சூரியமின் படகு. அதன் கூரையில் 20 கிலோவாட் தகடுகள் உள்ளன. உங்கள் சிறு படகுக்குக் கூரைத் தகடு வேண்டியதில்லை. காற்று பிடித்துப் படகு தடுமாறும். படகுத்துறைக் கொட்டகையின் மேல் ஒரு கிலோவாட் தகடு வைத்தால், நல்ல வெயில் நாளில் நான்கு யூனிட் அளவுக்குக் கிடைக்கும். ஒருநாள் ஓட்டத்துக்கு அது போதும். மின்வாரிய மின்சாரத்தில் ஏற்றினால், புகை நெய்வேலி போன்ற அனல் நிலையங்களுக்கு இடம் மாறுகிறதே தவிர முற்றிலும் ஒழிவதில்லை என்பதும் உண்மை. ஆனால் ஆற்றில் எண்ணெய் விழுவதில்லை. விலை குறைவு என்று ஈய அமில பேட்டரி வாங்கினால் எடை மிகும், சேமித்த மின்சாரத்தில் பாதிக்கு மேல் பயன்படுத்தினால் ஆயுளும் குறையும். பழுதான பேட்டரியை உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். கழிமுகத்தில் உப்புநீர் புகுவதால், இணைப்புகள் நீர்புகா உறைக்குள் இருக்கின்றனவா என்றும் பார்த்து வாங்குங்கள்.

மனோரா பக்கம் கடலில் படகில் செல்லும்போது கவனிக்க வேண்டியது என்ன? (பட்டுக்கோட்டை வாசகர்)

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பு, 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆவுளியா என்று கடலோர மக்கள் அழைக்கும் இந்த விலங்கு கடற்புல்லை மேய்ந்து வாழ்வது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வந்தே ஆகவேண்டும். வேகமாக வரும் படகிலிருந்து அதனால் எளிதில் விலகிவிட முடியாது. கடற்புல் இருக்கும் ஆழமற்ற திட்டுகளில் விசிறி கிழித்த தடம் மீண்டும் மூடப் பல ஆண்டுகள் ஆகலாம். அத்தகைய இடங்களில் இன்ஜினைத் தூக்கிவிட்டுக் கழி ஊன்றிச் செல்லுங்கள்; நங்கூரத்தைப் புல்லின் மேல் போடாமல் மணல் தெரியும் இடமாகப் பார்த்துப் போடுங்கள்.

மரப்படகுக்கு எந்தப் பூச்சு நல்லது? (நாகப்பட்டினம் வாசகர்)

பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் தடுக்கும் பூச்சுகள் நஞ்சை மெல்லக் கசியவிட்டே வேலை செய்கின்றன. அவற்றில் மிகக் கொடியதான வெள்ளீயக் கலவைப் பூச்சைத் தடைசெய்யும் உலக உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்தது. இன்று விற்பவற்றில் பெரும்பாலும் செம்புச் சேர்மம் உள்ளது. ஓய்வுநாளில் மட்டும் ஓடும் படகை மற்ற நாட்களில் கரையேற்றி வைத்தால் இந்தப் பூச்சே தேவையில்லை. மரத்தைக் காக்க, வழக்கமான முந்திரிக்கொட்டை எண்ணெய்ப் பூச்சு போதும். பழைய பூச்சைச் சுரண்டும்போது கீழே தார்ப்பாய் விரித்து, உதிர்வதை அள்ளிவிடுங்கள்.

ஏரியில் ஓடிய படகை ஆற்றில் இறக்கலாமா? (கும்பகோணம் வாசகர்)

இறக்கலாம், ஆனால் ஆகாயத்தாமரையின் சிறு துண்டு ஒட்டியிருந்தாலும் அது புதிய நீரில் பெருகிவிடும். வாய்க்கால் மதகுகளில் அது அடைத்துக்கொள்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். படகையும் விசிறியையும் கயிற்றையும் கரையிலேயே துடைத்து, அடியில் தேங்கிய நீரை ஏரிக்கரை மண்ணில் வடித்துவிட்டு, ஓரிரு நாள் நல்ல வெயிலில் காயவைத்த பிறகு ஆற்றுக்குக் கொண்டுசெல்லுங்கள்.