மிஞ்சுகிற புளிமாவை என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். கனடாவில் இருந்து வந்த மச்சாள் சவர்டோ பாண், அதுதான் புளிமாவால் பொங்க வைக்கிற பாண், சுடப் பழக்கிவிட்டுப் போனா. கிழமைக்கு ஒருநாள் சின்ன மின்சாரப் போறணையில் இரண்டு பாண் சுடுகிறேன், நல்லாத்தான் வருகுது. ஆனால் ஒவ்வொரு நாளும் போத்தலில் இருக்கிற புளிமாவில் பாதியைக் கொட்டிவிட்டுப் புது மா போடச் சொன்னா. மா விற்கிற விலையில் அம்மா அதைப் பார்த்து ஏசாத நாள் இல்லை. போன கிழமை கொட்டாமல் சேர்த்து வைத்து, தோசைமாவோடு பாதிக்குப் பாதி கலந்து சுட்டேன். நிறமே வரவில்லை, கல்லில் ஒட்டினது, ஆறினதும் ரப்பர் மாதிரி. ஃபிரிட்ஜில் இன்னொரு போத்தல் இரண்டு கிழமையாக இருக்கு, மேலே கறுப்புத் தண்ணி நிற்குது. பிள்ளைகள் ஆறரைக்குப் பள்ளிக்கூடம் வெளிக்கிடுகிறவை. காலைச் சாப்பாட்டில் இந்த மாவை எதிலெதில் போடலாம்?

பதில்: தங்கச்சி, உங்கள் தோசைக்கு என்ன நடந்தது என்று முதலில் பார்ப்போம். இந்த மா எதற்குச் சரிவரும், எதற்குச் சரிவராது என்பது அதிலேயே இருக்கிறது.

போத்தலில் இருப்பது கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும்தான். அதற்குள் இரண்டு கூட்டம் குடியிருக்கிறது. மதுவங்கள், அதாவது ஈஸ்ட், காபனீரொட்சைட்டை விட்டு மாவைப் பொங்க வைக்கும். இலக்ரிக் அமில பற்றீரியாக்கள் புளிக்க வைக்கும். இரண்டுக்கும் சாப்பாடு மாவில் இருந்து பிரிகிற சீனி. நாலைந்து நாள் சேர்த்து வைத்த மாவில் அந்தச் சீனி அநேகமாக முடிந்திருக்கும். தோசை சிவப்பதற்கும் அதே சீனிதான் வேண்டும். சூட்டில் அது புரதத்தோடு சேர்ந்துதான் அந்தப் பொன்னிறம் வருகிறது. சீனியும் இல்லை, அமிலமும் கூடிவிட்டது என்றால் சிவப்பது இன்னும் பிந்தும். நிறம் வரட்டும் என்று நீங்கள் காத்துக்கொண்டு நிற்க, தோசையின் ஈரம் முழுக்கக் கல்லிலேயே போய்விட்டது. ரப்பர் ஆனது அப்படித்தான்.

ஒட்டினதற்குக் காரணம் வேறு. கோதுமைக்கு இழுவையைக் கொடுப்பது குளுட்டன். நாட்பட்ட புளிமாவில் அது அறுந்துபோயிருக்கும். கரண்டியால் தூக்கிப் பாருங்கள்: பொங்கி நிற்கிற புது மா நூல் இழுத்துக்கொண்டு வரும், பழசு கூழ் மாதிரிச் சொட்டும். அந்தக் கூழைக் கல்லில் ஊற்றினால் பசைதான்.

"நானும் கோதுமை மா போட்டுத்தானே தோசை சுடுறனான்" என்று அம்மா கேட்பா. சரிதான், ஆனால் அவ போடுவது அவித்து அரித்த மா. ஆவியில் அவியும்போது குளுட்டன் அடங்கிவிடும். அதனால்தான் அவவின் தோசை மெதுவாக இருக்கிறது, பிட்டும் உதிருகிறது. புளிமா அவிக்காத மா. அதைத் தோசைக்குள் கொண்டுவருவதென்றால் ஐந்து அகப்பை உழுந்துத் தோசைமாவுக்கு ஒரு அகப்பை, அதற்கு மேல் வேண்டாம். முக்கியமாக, இரவில் கலக்காதீர்கள். உழுந்துமா தன்பாட்டில் புளிக்கும். உள்ளே இதையும் விட்டால் எங்கள் சூட்டுக்கு விடியுமுன் சட்டி நிறைந்து வழியும், புளிப்பும் இரட்டிப்பாகும். விடியக் கல்லைக் காயவைக்கிற நேரத்தில் கலந்து, அரைத் தேக்கரண்டி சீனியும் போட்டு அடியுங்கள். சீனி இனிப்புக்கல்ல, நிறத்துக்கு. பிறகு வழக்கம்போல வெங்காயம், செத்தல் மிளகாய், கடுகு தாளித்துக் கொட்டுங்கள்.

உழுந்து ஊறப்போட மறந்த நாளுக்குத்தான் இந்த மா உண்மையில் கைகொடுக்கும். எங்கள் வீட்டில் அதற்கு அவசரத் தோசை என்று பேர். 200 கிராம் புளிமா, 50 கிராம் சிவப்பரிசி மா, கால் கோப்பை தேங்காய்ப்பால், உப்பு, ஒரு தேக்கரண்டி சீனி. முட்டை இருந்தால் ஒன்று. ஊற்றுகிற பதத்துக்குக் கலந்து வைத்துவிட்டு, கல் காய்ந்த பிறகு மட்டும் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக அப்பச்சோடாவைத் தூவிக் கிளறுங்கள். இந்த இடத்தில் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டலாம். சோடா பட்ட இடத்தில் முதலில் ஊசிமுனைக் குமிழிகள் எழும். பிறகு "ஸ்" என்று ஒரு சத்தம். ஒரு நிமிடத்துக்குள் கோப்பையின் பாதிக்குக் கீழே கிடந்த மா விளிம்புக்கு வந்து நிற்கும். சோடா புளிப்பைச் சந்தித்துக் காற்றை விடுகிறது, அவ்வளவுதான். ஆனால் அது ஒருதரம்தான். அடங்கிவிட்டால் திரும்ப எழும்பாது, அதனால் உடனே ஊற்ற வேண்டும். நிறையப் பேர் சோடாவை முதலிலேயே போட்டுவிட்டுச் சம்பல் இடிக்கப் போவார்கள். திரும்பி வரும்போது மா செத்துக் கிடக்கும்.

சோடா இன்னொரு உதவியும் செய்கிறது. புளிப்பை முறித்து நிறத்தையும் கொண்டுவரும். அதற்காக ஒரு சிட்டிகை கூடப் போட்டால் சவர்க்கார வாசம் வந்துவிடும், கவனம். மெல்லிய தோசையாகத் தேய்க்காமல் உள்ளங்கை அளவு தடிப்பாக ஊற்றி, மேலே துளை விழுந்ததும் புரட்டுங்கள். பனம்பாணி இருந்தால் அதோடு கொடுங்கள், இல்லாவிட்டால் வாழைப்பழத்தோடு. இனிப்பு வேண்டாமென்றால் சீனியைப் பாதியாக்கி, கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் வெட்டிப் போடலாம்.

இந்தக் காலைப் பழக்கம் ஒன்றும் புதிதல்ல. 1896 இல் கனடாவின் குளொண்டைக்கில் தங்கம் கண்டெடுக்கப்பட்டபோது அங்கே ஓடிப்போனவர்கள் புளிமாவைக் கையோடு வைத்திருந்தார்கள். காலையில் அதில்தான் தடித்த தோசை மாதிரிச் சுட்டுச் சாப்பிட்டார்கள். குளிரில் உறைந்து செத்துவிடும் என்று இரவில் புளிமாவை உடம்போடு அணைத்துக்கொண்டு படுத்தார்களாம். அந்தப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கே 'சவர்டோ' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது.

எங்களுக்குப் பிரச்சினை தலைகீழ். மச்சாளில் பிழை சொல்லவில்லை. அவ சொல்லித் தந்த கணக்கு 21, 22 பாகையில் இருக்கிற வீட்டுக்கு. கிளிநொச்சியில் பகலில் 32, 33 பாகை. அங்கே எட்டுப் பத்து மணித்தியாலத்தில் பொங்குகிற மா இங்கே மூன்று நாலு மணித்தியாலத்தில் பொங்கி அமர்ந்துவிடும். பாதியைக் கொட்டச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. 50 கிராம் புளிமாவுக்கு 50 மாவும் 50 தண்ணீரும் போட்டால் 150. கொட்டாமல் அதே விகிதத்தில் போட்டுக்கொண்டு போனால் அடுத்த நாள் 450, அதற்கடுத்த நாள் 1350, நாலாம் நாள் நாலு கிலோவைத் தாண்டும். ஆனால் கிழமைக்கு ஒருநாள் பாண் சுடுகிற உங்களுக்குத் தினமும் சாப்பாடு போடுகிற வேலையே வேண்டாம்.

போத்தலில் 50 கிராம் மட்டும் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். பாண் சுடுகிற அன்று விடிய அதில் 40 கிராமை எடுத்து, 80 கிராம் மா, 80 கிராம் தண்ணீரோடு கலந்து வையுங்கள். பதினொன்று பன்னிரண்டு மணிக்குள் 200 கிராம் துடிப்பான புளிமா ஆயத்தம். போத்தலில் மிஞ்சிய 10 கிராமுக்கு 20 மா, 20 தண்ணீர். ஒரு மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டுத் திரும்ப ஃபிரிட்ஜுக்குள். கொட்டுவதற்கு ஒரு கரண்டிகூட மிஞ்சாது. தராசு இல்லையென்றால், கிளறி நுரை அடங்கிய புளிமா ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ 15 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்யத் தொடங்கினால் அவசரத் தோசைக்கு மா போதாமல் வேண்டுமென்றே கூடக் கலக்க வேண்டிவரும். என் வீட்டில் அதுதான் நடக்கிறது.

இனிப் போறணைக்கு வருவோம். உங்களிடம் போறணை இருப்பதால் பணிஸ்தான் என் முதல் தெரிவு. 250 கிராம் கோதுமை மா, 100 கிராம் பழைய புளிமா, 120 மில்லிலீற்றர் பால், 30 கிராம் சீனி, 30 கிராம் மாஜரீன் அல்லது பட்டர், 4 கிராம் உப்பு, 3 கிராம் ஈஸ்ட். "புளிமா இருக்க ஈஸ்ட் எதற்கு?" என்று கேட்பீர்கள். நாட்பட்ட புளிமா வாசத்துக்கும் மென்மைக்கும் உதவும், உப்ப வைக்காது. அந்த வேலையை அதனிடம் கேட்டுத்தான் நிறையப் பேர் கல்லுப்போன்ற பணிஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். வேறு செய்முறையில் சேர்ப்பதென்றாலும் கணக்கு இலகுவானது: 100 கிராம் புளிமாவில் 50 மா, 50 தண்ணீர். அந்த அளவை இரண்டிலும் குறைத்துவிடுங்கள். மொத்த மாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இதிலிருந்து வராமல் பார்த்துக்கொண்டால், அறுந்துபோன குளுட்டன் பணிஸைக் கெடுக்காது.

பின்னேரம் பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, இரட்டிப்பாகும் வரை வையுங்கள். ஒரு மணித்தியாலம் போதும். எட்டாகப் பிரித்து உருட்டித் தட்டில் அடுக்கி, மூடி ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுப் படுக்கலாம். ஐந்து மணிக்கு எடுத்து வெளியே வைத்து, தேத்தண்ணி குடித்து முடிய, ஐந்தரைக்கு 180 பாகையில் போடுங்கள். பதினெட்டு, இருபது நிமிடம். சின்னப் போறணையில் மேல்கம்பி கிட்ட இருப்பதால் பத்தாம் நிமிடத்தில் மேற்பக்கத்தைப் பார்த்து, கறுக்கிற மாதிரி இருந்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள். இரவில் கரன்ட் நிற்கும் என்று அறிவித்திருந்தால் அன்று இரவே சுட்டுவிடுவது புத்தி.

தேங்காய்ப்பூ ரொட்டிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 200 கிராம் மாவுக்கு 100 கிராம் புளிமா, ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, உப்பு. தண்ணீரைக் கடைசியில் பார்த்துத் தெளியுங்கள், சோடா வேண்டாம். அரை மணித்தியாலம் மூடி வைத்துவிட்டுத் தட்டினால் சுருங்காமல் நிற்கும். வாய்ப்பனுக்கும் போடலாம். கனிந்த வாழைப்பழத்தின் சீனி புளிப்பை மறைத்துவிடும். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் வேண்டவே வேண்டாம்.

அப்பம்தான் கொஞ்சம் சிக்கல். பனங்கள்ளு விட்டு அப்பத்துக்கு மா புளிக்க வைத்த ஊரில் புளிமாவுக்கு இடமில்லாமல் போகாது. ஆனால் கள்ளில் மதுவம் உயிரோடு துள்ளிக்கொண்டிருக்கும். அதற்கு ஈடாகப் போடுவதென்றால் பொங்கி நிற்கிற புதுப் புளிமாவைத்தான் போட வேண்டும், மிஞ்சினதை அல்ல. 200 கிராம் பச்சையரிசி மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி, ஒரு தேக்கரண்டி சீனி, இளநீர் விட்டு இரவு கரைத்து வையுங்கள். உப்பும் தேங்காய்ப்பாலும் விடியத்தான். கரை மொறுமொறுப்பாக வரும். நடுவில் கள்ளப்பத்தின் அந்தப் பஞ்சு வராது, நான் பலதரம் முயன்றுவிட்டேன். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால், அரிசி அப்பம்தானே என்று நினைத்து இதைக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்த இரண்டு கிழமைப் போத்தலைத் திறந்து பாருங்கள். கறுப்புத் தண்ணி என்பது பசியில் கிடந்த மா விட்ட மதுசாரமும் நீரும். நகப்பூச்சு அழிக்கிற திரவம் மாதிரி மணந்தாலும் பரவாயில்லை. தண்ணியை ஊற்றிவிட்டு, மிச்சத்தைச் சோடா போடுகிற அவசரத் தோசைக்கு எடுக்கலாம். ஆனால் இளஞ்சிவப்போ செம்மஞ்சளோ கோடு தெரிந்தால், அல்லது பூஞ்சணம் பிடித்திருந்தால், மேலால் வழித்துவிட்டு மிச்சத்தைப் பாவிக்க வேண்டாம், முழுவதையும் எறியுங்கள். எறிவதும் தொட்டிக் குழாய்க்குள் அல்ல, சீமெந்து மாதிரி இறுகிவிடும். வாழையடியில் குழி தோண்டிப் புதையுங்கள். இனிமேல் சேர்க்கிற போத்தலை ஃபிரிட்ஜிலேயே வைத்து ஒரு கிழமைக்குள் முடித்துவிடுங்கள். பச்சையாக ருசி பார்க்கிற பழக்கமும் வேண்டாம். பச்சைக் கோதுமை மா வேகவைக்காமல் சாப்பிடுகிற பொருளல்ல.

மூடியை இறுக்காதீர்கள். ஒருதரம் வவுனியாவில் இருந்து முல்லைத்தீவு பஸ்ஸில் வரும்போது ஜாம் போத்தலில் இறுக்கி மூடி, உடுப்புப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். மாங்குளத்தில் திரும்பும்வரை பேசாமல் இருந்தது, ஒட்டுசுட்டானுக்குக் கிட்டப் 'படார்' என்றது. பக்கத்துச் சீற்றில் இருந்த அம்மா மணந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, என்ன கள்ளே கொண்டு போறாய்?" என்று பஸ்ஸுக்கே கேட்கக் கேட்டா. இறங்கும்வரை எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

இன்னொன்று. ஒருநாள் துடிப்பான புளிமாவில் இரண்டு கரண்டியை எண்ணெய்த்தாளில் மெல்லிசாகத் தேய்த்து, எறும்பு ஏறாத இடத்தில் நிழலில் காயவிடுங்கள். கச்சான் அடிக்கிற காலத்தில் ஒரு நாளில் சருகாகிவிடும், மாரியில் சரிவராது. நொறுக்கிப் போத்தலில் அடைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். வேண்டும்போது இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து, இரண்டு மூன்று நாள் மா போட்டால் திரும்பப் பொங்கும். வைகாசியில் எல்லோரும் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் நின்றாலும் ஃபிரிட்ஜில் உள்ள போத்தலைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.