ஈயம் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. சுவரைச் சுரண்டித் தின்கிறான் என்று டாக்டரிடம் காட்டினோம். ரத்தசோகை என்றார். ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார். டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராம் என்று வந்திருக்கிறது. இரும்புச் சத்து டானிக் மட்டும் எழுதிக் கொடுத்து, “ஈயத்துக்கு இப்போது மருந்து வேண்டாம், எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் தேடுங்கள்” என்று அனுப்பிவிட்டார். நாங்கள் இருப்பது மாமனார் கட்டிய பழைய வீடு. அக்கம்பக்கத்தில் தொழிற்சாலை எதுவும் இல்லை. நாத்தனார் கல்யாணத்துக்காக நான்கு மாதம் முன்பு வீட்டுக்கு பெயின்ட் அடித்தோம். கணவர் இன்வெர்ட்டர் பேட்டரி சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். மாமியார் தினமும் ஈயச்சொம்பில்தான் ரசம் வைப்பார். அந்தச் சொம்புதான் காரணம் என்று நான் சொல்லப்போக, வீட்டில் பேச்சே நின்றுவிட்டது. நான் இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. என்ன செய்வது?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் டாக்டர் உங்களைக் கைகழுவி அனுப்பவில்லை, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது வரும் வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். ஈயத்தை உடம்பிலிருந்து இழுத்து வெளியேற்றும் மருந்து பொதுவாக 45-க்கு மேல் போனால்தான். 14 என்ற அளவில் தேடுவதுதான் வைத்தியம். நடுவில் யாராவது “நச்சு நீக்கும் சிகிச்சை” என்று பொட்டலமோ சொட்டு மருந்தோ கொடுத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: ரத்தம் விரல் நுனியில் குத்தி எடுத்ததா, நரம்பில் ஊசி போட்டு எடுத்ததா? விரலில் ஒட்டியிருக்கும் தூசியே சில நேரம் கணக்கை ஏற்றிக் காட்டும். விரல் என்றால் நரம்பில் எடுத்து மறுபடி பார்த்துவிடுங்கள்.

இனி தேடுவது. நாளைக்கு ஒரு நாள் வீட்டு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, பையனோடு தரையில் உட்காருங்கள். உட்கார முடியாவிட்டால் தாழ்ந்த முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். கையில் ஒரு நோட்டு. அவன் எங்கே கை வைக்கிறான், எதை வாயில் வைக்கிறான், எந்த மூலையில் ஒதுங்குகிறான் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். நின்றுகொண்டு பார்க்கும்போது நமக்குக் கண்ணில் படும் வீடு வேறு, அவன் புழங்கும் வீடு வேறு.

பல வருடம் முன்பு ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே எல்லோரும் போர் தண்ணீரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே குழந்தை ஜன்னல் திட்டில் ஏறி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்த்தது. வாய் கீழ்ச் சட்டத்தில் பதிந்திருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். சின்னச் சின்னப் பல் தடங்கள். மேலே பச்சை, அது பெயர்ந்த இடத்தில் மஞ்சள், அதற்கும் கீழே இன்னொரு பச்சை. முப்பது நாற்பது வருடத்து எனாமல், அடுக்கடுக்காக.

உங்கள் கடிதத்தில் நான் முதலில் அடிக்கோடு போட்டது இதனால்தான், கல்யாணத்துக்கு அடித்த பெயின்டுக்கு. வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி போட்டது, 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. புதிதாக அடித்தது நல்ல பெயின்டாகவே இருக்கலாம். ஆனால் அடிப்பதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? கதவு, ஜன்னல், கிரில் எல்லாவற்றையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருப்பார்கள். மாமனார் காலத்து மஞ்சளும் சிவப்பும் பச்சையும் அப்போது பொடியாகப் பறந்திருக்கும். அந்தக் காலத்தில் இந்த நிறங்களுக்கு லெட் குரோமேட் என்ற ஈய நிறமியைத் தாராளமாகச் சேர்த்தார்கள். சுவரில் அடிக்கும் சுண்ணாம்பிலும் டிஸ்டம்பரிலும் இந்தப் பயம் குறைவு. எனாமல்தான் முக்கியம். உங்கள் வீட்டில் சுவரின் கீழ்ப்பாதியில் எனாமல் பட்டை அடித்திருந்தால், அவன் சுரண்டுவது அதைத்தான் என்று கூட இருக்கலாம்.

அந்தப் பொடி நான்கு மாதத்தில் எங்கேயும் போயிருக்காது. ஜன்னல் பள்ளத்தில், கட்டிலுக்கு அடியில், மெத்தை மடிப்பில், ஜன்னலுக்கு வெளியே பூச்செடி மண்ணில் கிடக்கும். துடைப்பம் போட்டுப் பெருக்கினால் மேலே கிளம்பி மறுபடி படியும். அதனால் பெருக்குவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். அறைக்கு அறை தண்ணீரை மாற்ற வேண்டும். ஜன்னல் திட்டைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். நீங்கள் கர்ப்பிணி, இந்த வேலையைச் செய்யாதீர்கள். வேறு யாராவது செய்யும்போது நீங்களும் பையனும் அந்த அறையில் இருக்க வேண்டாம். பெயர்ந்து நிற்கும் பெயின்டை யாரும் காய்ந்த நிலையில் சுரண்டக்கூடாது. அவன் கைக்கு எட்டும் உயரத்துக்கு அட்டையோ பலகையோ வைத்து மறைத்துவிட்டால் இப்போதைக்குப் போதும்.

சுவரைத் தின்பதற்கு அவனைத் திட்ட வேண்டாம். இரும்புச் சத்து குறைந்த குழந்தைகள் மண்ணும் சாம்பலும் சாக்பீஸும் தேடித் தின்பார்கள். இரும்பு குறைந்த குடல் ஈயத்தை இன்னும் ஆசையாக இழுத்துக்கொள்ளும் என்பதுதான் இதில் கொடுமை. ஏற்கெனவே சின்னக் குழந்தைகளின் உடம்பு விழுங்கும் ஈயத்தில் பாதியளவு வரை எடுத்துக்கொள்கிறது. பெரியவர்களுக்குப் பத்தில் ஒரு பங்குதான். அந்த இரும்பு டானிக்கை ஒரு நாளும் விடாதீர்கள். வயிறு காலியாக இருந்தால் ஈயம் அதிகம் ஏறும், ஆகவே காலையில் எழுந்ததும் ராகிக் கஞ்சியோ இட்லியோ உள்ளே போய்விடட்டும். முருங்கைக்கீரை, நெல்லிக்காய், பால் எல்லாம் நல்லது.

அடுத்தது உங்கள் கணவரின் கடை. இன்வெர்ட்டர் பேட்டரிக்குள் இருப்பது ஈயத் தகடும் ஈயப் பசையும்தான். டெர்மினலைச் சுரண்டும்போது, பழைய பேட்டரியைப் பிரிக்கும்போது அது சட்டையில், தலைமுடியில், செருப்பில், வண்டி சீட்டில் ஒட்டிக்கொண்டு வீடு வரும். “அப்பா” என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் பையனின் கன்னம் நேராக அந்த பேன்ட்டில்தான் படுகிறது. அவர் கடையிலேயே உடை மாற்றிக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்தத் துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டும். கொல்லையில் பழைய பேட்டரி ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இன்றைக்கே போகட்டும். செனகல் நாட்டில் தாக்கார் பக்கத்தில் ஒரு குடியிருப்பில், 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். பேட்டரி உடைத்து ஈயம் எடுத்த மண் அங்கே வீடு வரைக்கும் வந்திருந்தது. உங்கள் வீட்டில் அப்படி நடக்கும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பேட்டரித் தூசியை லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் மீனவர் வீடுகளிலும், பற்றவைக்கும் வேலை செய்யும் வீடுகளிலும் இதே கதைதான்.

சரி, ஈயச்சொம்புக்கு வருவோம். தமிழில் ‘ஈயம்’ என்று இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். ஒன்று வெள்ளீயம், மற்றது காரீயம். விஷம் காரீயம்தான், பையனின் ரத்தத்தில் பார்த்ததும் அதைத்தான். நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்று உங்கள் மாமியார் சொல்லியிருப்பாரே, அது உண்மை. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். பிரச்சினை எங்கே என்றால், வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. இரண்டும் உருக்கினால் ஒன்றாகக் கலந்துவிடும், கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. கலப்படச் சொம்பில் புளியும் தக்காளியும் கொதிக்கும்போது காரீயம் ரசத்தில் இறங்கும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போதும் இந்தக் கலப்படம் நடக்கலாம். நவச்சாரப் புகை மணக்க மணக்கப் பளபளவென்று பூசிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பூசியது எது என்று நமக்குத் தெரியாது.

வீட்டிலேயே சொம்பைச் சோதிக்கச் சிலர் வெள்ளைக் காகிதத்தில் அதைத் தேய்த்துப் பார்ப்பார்கள். பென்சில் கோடு மாதிரிக் கறுப்பாக விழுந்தால் காரீயம் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். கோடு விழவில்லை என்பதால் நல்ல சொம்பு என்று சொல்லிவிட முடியாது, கொஞ்சம் கலந்திருந்தால் காட்டாது. நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்கும் மெஷின் எக்ஸ்ரே கதிரை வைத்து உலோகத்தைச் சொல்வது. அதே வகைக் கருவியில்தான் பாத்திரத்தையும் பார்க்க வேண்டும், ஆனால் நகைக்கடை மெஷின் தங்கத்துக்காகத் திருத்தி வைத்தது, அதன் பேச்சை நம்ப வேண்டாம். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் உலோகச் சோதனை செய்கிறார்களா என்று விசாரியுங்கள். முடிவு வரும் வரைக்கும் ரசம் எவர்சில்வரில் கொதிக்கட்டும்.

இதை மாமியாரிடம் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. அந்த வீட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியாத அத்தனையும் அவருக்குத் தெரியும். சொம்பு எந்த வருடம் எந்தக் கடையில் வாங்கியது, எந்த அண்டாவுக்குக் கடைசியாக எப்போது ஈயம் பூசியது, ஜன்னலுக்கு முதலில் என்ன நிறம் அடித்திருந்தது, சளி பிடித்தபோது பேரனுக்கு யாரிடம் என்ன செந்தூரம் வாங்கிக் குழைத்துக் கொடுத்தார் என்பதெல்லாம். “அத்தை, எனக்குத் தெரியல, நீங்கதான் சொல்லணும்” என்று நோட்டோடு பக்கத்தில் போய் உட்காருங்கள். பேரன் மேல் உங்களுக்கு இருக்கிற கவலை அவருக்கும் இருக்கிறது. இத்தனை வருடம் தன் கையால் விஷம் ஊட்டியதாக ஒரு பாட்டியிடம் சொன்னால் அவர் பேச்சை நிறுத்தாமல் என்ன செய்வார்? அதுவும் இன்னும் நிரூபணமாகாத ஒன்றுக்கு.

நிரூபிக்க நல்ல வழி, வீட்டில் எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது. அதே ரசத்தைத் தினமும் சாப்பிடும் மாமியாருக்கு மிகக் குறைவாக இருந்து, கணவருக்கு மட்டும் எகிறியிருந்தால் கடைப் பக்கம் பாருங்கள். எல்லோருக்கும் உயர்ந்திருந்தால் அடுப்படியைப் பாருங்கள். பெரியவர்கள் அத்தனைக்கும் குறைவு, பையனுக்கு மட்டும் அதிகம் என்றால் தரையும் ஜன்னலும். இது துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் எங்கே தொடங்கலாம் என்று காட்டும். காரணம் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்றும் இல்லை, மூன்றும் சேர்ந்தே 14 ஆகியிருக்கலாம். அதனால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் மூன்று வழியையும் இன்றே அடைத்துவிடுங்கள்.

அடுப்படி என்றதும் மஞ்சள்தூள் நினைவுக்கு வருகிறது. வங்கதேசத்தில் மஞ்சளுக்குப் பளிச்சென்று நிறம் வர அதே லெட் குரோமேட்டைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 2019-ல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு இறங்கி நடவடிக்கை எடுத்ததும் 2021-ல் அது பூஜ்யமானது. அங்கே நிறத்தை விரலி மஞ்சளை மெருகேற்றும்போதே பூசினார்கள், ஆகவே “நாங்கள் விரலி வாங்கி மில்லில்தான் அரைக்கிறோம்” என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. கண்ணைப் பறிக்கும் மஞ்சளை வாங்காதீர்கள், நம்பிக்கையான இடத்தில் மங்கலான விரலியை வாங்குங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர் தெரியாத கண்மையும் சுர்மாவும் வேண்டாம், சிலவற்றில் மூலப்பொருளே ஈயத் தாதுதான். நெற்றியில் வைக்கும் ஆரஞ்சுச் சிந்தூரம் குழந்தைக்கு வேண்டாம். பாட்டி கொடுத்த செந்தூரம், பஸ்பம் எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் பொட்டலத்தோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். 2008-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், இணையத்தில் வாங்கிய ஆயுர்வேத மருந்துகளில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. கவரிங் நகை, கயிற்றில் கோத்த தாயத்து, மலிவுப் பொம்மை எதுவும் அவன் வாய்க்குப் போகக்கூடாது. காலையில் குழாயைத் திறந்து முதல் தண்ணீரைச் செடிக்கு விட்டுவிட்டு அப்புறம் குடிக்கப் பிடியுங்கள்.

ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் அவனுக்கு மறுபடி ரத்தம் பாருங்கள். 14 உடனே 3 ஆகிவிடாது. எலும்பில் தங்கிய ஈயம் மெதுவாகத்தான் வெளியேறும், இறங்குமுகம் தெரிந்தால் நீங்கள் அடைத்தது சரியான வழி. இறங்காவிட்டால் நோட்டைப் பிரித்து மறுபடி தரையில் உட்கார வேண்டும்.

கடிதத்தின் கடைசி வரியில் கர்ப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே வீட்டுத் தூசி, அதே ரசம், அதே சட்டை உங்களுக்கும்தான். ஈயம் தாயின் ரத்தத்திலிருந்து கருவுக்குப் போகும். பையனின் அடுத்த பரிசோதனை வரைக்கும் காத்திருக்காமல், இந்த வாரமே ஆய்வகத்துக்குப் போய் உங்கள் கையையும் நீட்டுங்கள், முடிவை உங்கள் மகப்பேறு டாக்டரிடம் காட்டுங்கள்.