கோடையில் ஊருக்குப் போகவும் சீர் செய்யவும் கடன் வாங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் புனேயில் வேலை பார்க்கிறோம். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 1,38,000 ரூபாய் கைக்கு வருகிறது. வாடகை 30,000, மகளின் காப்பகக் கட்டணம் 11,000, கார் கடன் தவணை 13,500, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி. 20,000, வீட்டுச் செலவு எல்லாம் போக 12,000 ரூபாய் மிஞ்சுகிறது. சொந்த ஊர் உசிலம்பட்டி பக்கம். கடந்த மே மாதம் ஊருக்குப் போய் மூன்று விசேஷங்களில் கலந்துகொண்டதில் கிரெடிட் கார்டில் 90,000 ரூபாய் ஏறி, அதை ஐந்து மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினோம். இடையில் மாமியார் கீழே விழுந்து அடிபட்டதால் உடனே கிளம்பவேண்டி வந்தது; அவசரத்துக்கு வைத்திருந்த வைப்புநிதியில் 70,000 எடுத்ததில் இப்போது 2,50,000 மட்டும் இருக்கிறது. வரும் வைகாசியில் நாத்தனார் மகளுக்குக் காதணி விழா. கணவர்தான் தாய்மாமன். இரண்டு பவுன் சங்கிலி, தட்டு, துணிமணி, கிடா என்று மூன்றரை லட்சத்துக்குக் கணக்குப் போடுகிறார். அதில் 3 லட்சத்தைத் தனிநபர் கடனாக வாங்கலாம் என்கிறார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் தயக்கம் சரியானது. 15 சதவீத வட்டியில் 3 லட்சம் ரூபாயை மூன்று ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 10,400 ரூபாய் வரும். வட்டி மட்டும் சுமார் 74,000 ரூபாய். அந்த வட்டியைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. உங்களுக்கு மாதம் மிஞ்சுவதே 12,000 ரூபாய்தான் என்பதால், அது அப்படியே தவணைக்குப் போய்விட, அடுத்தடுத்த கோடைகளுக்குச் சேர்த்துவைக்க எதுவும் இருக்காது. மறுபடியும் கிரெடிட் கார்டுதான் கைகொடுக்கும். கார்டில் பாக்கியை முழுவதும் கட்டாமல் விட்டால், அந்தப் பாக்கிக்கு மட்டுமல்லாமல், அதற்குப் பிறகு வாங்கும் மளிகைக்கும் பெட்ரோலுக்கும்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்த ஐந்து மாத ஸ்டேட்மெண்ட்டுகளை எடுத்து, வட்டி என்று எழுதியிருக்கும் வரிகளை மட்டும் கூட்டிப் பாருங்கள்.

முதலில் இரண்டு செலவுகளைப் பிரித்துவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் ஊருக்குப் போவதும் மொய் செய்வதும் ஆண்டுதோறும் தேதி தெரிந்து வருகிற செலவு. மாமியாருக்கு அடிபட்டது தேதி சொல்லாமல் வருகிற செலவு. உறவினர் பக்கத்தில் இருந்தால் ஒரு சித்தியோ மச்சானோ ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள், குழந்தையை எதிர்வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். தனியாக இருக்கும் உங்களுக்கு அவ்வளவுக்கும் பணம்தான் ஆள். ஆகவே ஊரில் இருப்பவர்களுக்கு அவசர நிதியாக மூன்று மாதச் செலவுத் தொகை போதும் என்று நான் சொன்னாலும், உங்களைப் போன்றவர்களுக்கு ஆறு மாதத் தொகையைச் சொல்வேன். எஸ்.ஐ.பி. தவிர உங்கள் மாதச் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் அது 6 லட்சத்துக்குமேல் வரும். கையில் இருப்பது அதில் பாதிகூட இல்லை. அந்த 2,50,000 ரூபாயைக் காதணி விழாவுக்காகத் தொடவே கூடாது.

அப்படியானால் பணத்துக்கு எங்கே போவது? எஸ்.ஐ.பி.யை நிறுத்தச் சொல்வது என் வழக்கமில்லை. ஆனால் 15 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டு, என்ன வருமானம் தரும் என்று உறுதியில்லாத ஒன்றில் மாதம் 20,000 ரூபாய் போட்டுக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. விழாவுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவரை எஸ்.ஐ.பி.யைத் தற்காலிகமாக நிறுத்தினால் 1,20,000, மாத மிச்சத்தில் 72,000, ஆக 1,92,000 ரூபாய் சேரும். இருவரில் யாருக்காவது மார்ச்சில் போனஸ் வருமானால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்; 80,000 ரூபாய் வந்தால் கையில் 2,72,000 இருக்கும். போகவர டிக்கெட், துணிமணி, மற்ற வீடுகளின் மொய் ஆகியவற்றுக்கு 1,20,000 ஒதுக்கினால், சீருக்கு 1,52,000 ரூபாய் நிற்கும். போனஸ் இல்லையென்றால் 72,000 ரூபாய்தான் சீர். எத்தனை பவுன் என்று முதலில் பேசி முடித்துவிட்டுப் பிறகு பணம் தேடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. நீங்கள் தொகையை முதலில் முடிவு செய்யுங்கள். வைகாசியில் அந்தத் தொகைக்கு எத்தனை கிராம் வருகிறதோ அதுவே சீர். தங்கத்தின் விலையோடு 3 சதவீத ஜி.எஸ்.டி.யும், செய்கூலி, சேதாரமும் சேரும் என்பதால், வேலைப்பாடு குறைந்த சங்கிலியாகப் பார்த்து வாங்கினால் அதே பணத்துக்கு எடை கூடும். நகைக்கடைச் சேமிப்புத் திட்டங்கள் பெரும்பாலும் 11 மாதத் தவணை கொண்டவை. ஆறு மாதமே இருக்கும்போது அவை உங்களுக்கு உதவாது.

தாய்மாமன் சீர் என்பது உங்கள் கணவருக்கு மரியாதை சார்ந்த விஷயம் என்பது எனக்குத் தெரியும். "புனேயில் ரெண்டு பேரும் சம்பாதிக்கிறாங்க" என்ற பேச்சும் ஊரில் இருக்கும். அவர் முதலில் செய்யவேண்டியது, உங்கள் கல்யாண மொய் நோட்டை எடுத்து, தங்கை வீட்டார் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. வந்ததைத் திருப்பிச் செய்வது கடமை, மேலே கொஞ்சம் கூட்டிச் செய்வதும் வழக்கம். அதற்கு மேற்பட்டதெல்லாம் அவருடைய விருப்பம்தான். அடுத்து, செய்தது மொய்யாகத் திரும்பி வரும் என்று அவர் நினைக்கலாம். ஊரில் நீங்கள் பந்தல் போட்டு ஒரு விசேஷம் வைத்தால்தான் அது திரும்பும். உங்கள் மகளுக்கு அடுத்து ஒரு விசேஷம் எப்போது என்று யோசித்துப் பாருங்கள். அதுவரை அது வட்டியில்லாமல் வெளியே நிற்கும் பணம். பத்திரிகை அடிப்பதற்கு முன்பே கணவர் தங்கையிடம் நேரடியாகப் பேசி, இன்ன அளவில்தான் முடியும் என்று சொல்லிவிடுவது நல்லது. சபையில் தட்டு வைக்கும்போது தெரியவந்தால்தான் மனத்தாங்கல்.

அடுத்த ஆண்டிலிருந்து இந்தச் செலவுக்கென்று தனியாக ஓர் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) வேண்டும். ஜூன் முதல் தேதி, மாதம் 13,500 ரூபாய் வீதம் ஒன்பது மாதத்துக்குத் தொடங்கினால் மார்ச் முதல் தேதி 1,21,500 ரூபாயும் வட்டியும் கைக்கு வரும். ஏப்ரலில் முடியும்படி போட்டுவிடாதீர்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. மே 2 புறப்பட மார்ச் 3 காலை 8 மணிக்கே டிக்கெட் போட வேண்டும். புனே வழியாக மதுரைக்கு வரும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸை நம்பித்தான் கோடையில் அத்தனை பேரும் இருக்கிறார்கள். அதைத் தவறவிட்டு விமானத்தில் போனால் பட்ஜெட் அங்கேயே உடைந்துவிடும். அலுவலகம் தரும் விடுமுறைப் பயணப்படிக்கு வரிவிலக்கு கிடைக்குமா என்று கேட்பீர்கள். பழைய வரி முறையில் இருந்தால் பயணக் கட்டணத்துக்கு மட்டும் உண்டு, புதிய முறையில் இல்லை. மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நீங்கள் முன்னால் திரும்புவதானால், அந்த மாதக் காப்பகக் கட்டணத்தில் எவ்வளவு குறைப்பார்கள் என்றும் இப்போதே கேட்டுவையுங்கள். இடத்தைப் பிடித்துவைக்கப் பாதிக் கட்டணம் கேட்கும் காப்பகங்கள் உண்டு.

ஆர்.டி. போக ஜூன் முதல் மாதம் 18,500 ரூபாய் இருக்கும். எஸ்.ஐ.பி.யை 10,000 ரூபாயில் மீண்டும் தொடங்கி, மீதி 8,500 ரூபாயை அவசர நிதிக்குக் கொடுங்கள். கார் கடன் முடிந்ததும் அந்த 13,500 ரூபாயும் அங்கேயே போகட்டும்.

மாமியாருக்கு மருத்துவக் காப்பீடு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் சங்கிலியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அதை எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்தான். எடுக்கும்போது சர்க்கரை, இரத்த அழுத்தம், கீழே விழுந்து பட்ட இந்த அடி எதையும் மறைக்காமல் எழுதுங்கள், பணமில்லாச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் பட்டியலில் மதுரையிலும் உசிலம்பட்டிப் பக்கத்திலும் எவை இருக்கின்றன என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.