புகாரை யாரிடம், எப்படி எழுதுவது?

கேள்வி: என் மகள் ராணுவத்தின் பெண்கள் காவல் பிரிவில் சிப்பாய். மேலே இருக்கும் ஒருவர் ராத்திரியில் ஆபாசமாக வாட்ஸ்அப் அனுப்புகிறார். அவளுக்குப் பதில் நான் புகார் கொடுக்கலாமா? (வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்)

பதில்: மகளால் முடியாத நிலை என்றால், அவர் எழுத்தில் சம்மதம் தந்து, விவரம் தெரிந்த நீங்கள் கொடுக்கலாம். அவரே கொடுப்பதுதான் வலு.

பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணியிடத்திலேயே அமைந்த உள் புகார்க் குழுவுக்கு எழுத வேண்டும். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிப்பார்கள். சாட்சிகளின் பெயர், ஆதாரங்களுடன் 6 பிரதிகள். லீவில் வரும்போது ஐந்து ரோட்டில் ஜெராக்ஸ் எடுத்தால், பக்கத்திலேயே நின்று எண்ணி வாங்குங்கள்.

பல புகார்கள் தடுமாறுவது "தவறாக நடந்தார்" என்ற ஒற்றை வரியில்தான். "12-ஆம் தேதி இரவு 10.40, காவல் பணி முடிந்து திரும்பியபோது, இன்ன வார்த்தை" என்று எழுதச் சொல்லுங்கள். செய்திகளை அழிக்கக் கூடாது. அனுப்பியவரின் போன் எண்ணும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் வேண்டும். அதே போனில் முகாம் படம், பணி விவரம் இருந்தால் அதை வெளியே காட்டாதீர்கள், அது தனி வம்பு.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை இடமாற்றமோ 3 மாதம் வரை லீவோ எழுதிக் கேட்கலாம். இதைப் பலர் கேட்பதே இல்லை. பணம் வாங்கிச் சமரசம் செய்யச் சட்டத்தில் இடமில்லை.

ராணுவச் சட்டம் 26-ஆம் பிரிவில் தன் கம்பெனியின் (படைப் பிரிவின்) தலைமை அதிகாரியிடமும் முறையிடலாம். குற்றம் அவர் மீதே என்றால், அவருக்கு மேலுள்ளவரிடம்.