எல்லை வைத்தால் நிகழ்வு நீர்த்துப்போகாது

நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, பார்வையாளர்கள் உங்களைத் தொட அனுமதிக்கும் கலை நிகழ்வில் எல்லை வைத்தால் வீரியம் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையாது. கட்டாயம் வையுங்கள். எங்கே தொடலாம் என்பதை வாசலிலேயே எழுதி வையுங்கள்.

1974-இல் இத்தாலியின் நேபிள்ஸில், தன் உடலையே கலையாக்கும் நிகழ்த்துகலைஞர் மரீனா அப்ரமோவிச், பார்வையாளர்கள் தன்மேல் விருப்பப்படி பயன்படுத்த 72 பொருட்களை மேசையில் வைத்துவிட்டு ஆறு மணி நேரம் எதிர்ப்பே காட்டாமல் நின்றார். ரோஜாவும் இருந்தது, துப்பாக்கியும் தோட்டாவும் இருந்தன. முதலில் தயங்கிய கூட்டம் போகப்போக உடையை வெட்டியது, தோலைக் கீறியது. துப்பாக்கி அவர் தலை வரைக்கும் வந்தது. கூட்டத்திலேயே சிலர் குறுக்கே வந்துதான் தடுத்தார்கள். உங்கள் கூட்டத்திலும் அப்படிச் சிலர் இருப்பார்கள் என்று நம்பி இறங்காதீர்கள்.

அதே ஆண்டு பெல்கிரேடில் இன்னொரு நிகழ்வில், எரியும் நட்சத்திர வடிவச் சட்டகத்துக்குள் படுத்த அப்ரமோவிச் ஆக்சிஜன் குறைந்து மயங்கிவிட்டார். சைகை காட்டவே வழியில்லை. அதனால் கையில் ஒரு சிறு மணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். போதும் என்று தோன்றினால் விட்டுவிடலாம். மயங்கினாலும் அது தானே விழும். சத்தம் கேட்டதும் நிகழ்வை நிறுத்த, நம்பகமான ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அப்புறம், முடிந்ததும் சட்டென்று எழாதீர்கள். கால்களில் ரத்தம் தேங்கியிருக்கும், தலை சுற்றும். முதலில் பாதங்களை அசைத்துப் பாருங்கள்.